கேஸ் வைத்திருந்த வீடு

சமையல் கேஸை மிச்சப்படுத்தும் வழிகள் என்று ஒரு செய்தி கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் வயதுக்காரர்களான உங்களுக்கும் வந்திருக்கும். நமக்கு எல்லாமே வருகிறது. பருப்பை ஊறவைத்து வேகவையுங்கள். பாத்திரத்தை மூடிவையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். அரிசி முக்கால் பதம் வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டால் மீதியை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த பாலை நேராக அடுப்பில் ஏற்றாதீர்கள்.

வரிசையாகப் படித்துக்கொண்டே போனேன். ஃபிரிட்ஜைத் தவிர இதில் என் அம்மாவுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அம்மா செய்தது, இந்தச் செய்தியில் இல்லாதது என்று ஒன்று உண்டு. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

திருப்பூரில் ரயில் பாதைக்கு வடக்கே எங்கள் லைன் வீடு. ஒன்றின் சுவரை அடுத்தது பங்கிட்டுக்கொண்ட ஓட்டு வீடுகளின் வரிசை; வாசலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். எங்களுக்கு முன்னறை ஒன்று, அதன் பின்னால் சமையலறை. முன்னறையில் அப்பா, அம்மா, நான். சமையலறையில் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, பாய் விரித்துப் படுப்பாள். அவளுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அத்தை வேறொரு கம்பெனியில் கைமடி. டெய்லருக்குப் பக்கத்தில் இருந்து துணியை எடுத்துக் கொடுத்து, தைத்து வந்ததை மடித்து அடுக்கும் வேலைக்கு அந்தப் பெயர். அம்மா வேலைக்குப் போனதில்லை.

எங்கள் வரிசையில் முதலில் கேஸ் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். அப்பா பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து, பதிந்ததே மறந்துபோன பிறகு, ஒரு புரட்டாசி மாதத்தில் சிவப்புச் சிலிண்டர் வண்டியிலிருந்து இறங்கியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா சிலிண்டருக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். அத்தை கம்பெனியில் கழித்துப் போட்ட துணியைக் கொண்டுவந்து, கையாலேயே ஓர் உறை தைத்து மாட்டினாள்.

"நங்கை, குல்லா ஒண்ணும் தெச்சுப் போட்டர்றனுங்க. பனி புடிச்சுக்கப் போவுது" என்றாள். அண்ணியை நங்கை என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"நீ சிரி அம்மிணி. தீந்து போச்சுன்னா மறுக்கா எப்ப வருமுன்னு அந்த ஏஜென்சிக்காரனுக்கே தெரியாது."

அம்மாவின் பயத்தில் நியாயம் இருந்தது. அப்போதெல்லாம் சிலிண்டர் தீர்ந்துபோனால் சொல்லிவிட்டு வந்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அது தீராமல் இருக்க அம்மா கண்டுபிடித்த வழி, பற்றவைக்காமல் இருப்பது. விருந்தாளி வந்தால் காபிக்கு கேஸ். யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சிக்கு கேஸ். மற்றதெல்லாம் கீழே இருந்த மண் அடுப்பில். கேஸ் அடுப்பு மேடையின் மேல் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி போல் ஆகியிருந்தது. காலையில் அத்தை அதன் முன்னால் குனிந்துதான் பொட்டு வைத்துக்கொள்வாள்.

அம்மாவைக் கஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்தவர் எவரும் சாப்பிடாமல் போனதில்லை. அவளுடைய சண்டையெல்லாம் பொருட்களோடுதான். குளியல் சோப்பு காகிதமாகத் தேய்ந்ததும் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவாள். தீக்குச்சியை பிளேடால் நெடுக்கே இரண்டாகப் பிளப்பாள். மருந்து உதிராமல் பிளக்க அவளுக்கு மட்டும்தான் வரும். தீர்ந்துபோன எண்ணெய் டின்னைச் சித்திரை வெயிலில் கிண்ணத்தின் மேல் கவிழ்த்து வைப்பாள். பொழுதுசாய அதில் ஒரு தாளிப்புக்கு எண்ணெய் சேர்ந்திருக்கும். புளியைக் கரைத்துப் பிழிந்த சக்கை பித்தளைச் சொம்பைத் தேய்க்க. அரிசி களைந்த தண்ணீர் பின்தெரு எருமைக்கு. எருமைக்காரர் வீட்டிலிருந்து பதிலுக்கு மோர்.

சந்தைக்கு விளக்கு வைக்கும் நேரத்தில்தான் போவோம். மத்தியானமே ஒரு முறை போய் விலையை விசாரித்துவிட்டு வந்திருப்பாள்.

"ஏனுங்க, முருங்கக்கா இன்னும் விக்கலீங்களா?"

"மத்தியானமே வந்து பாத்துட்டுப் போனீங்களே அக்கா."

"அப்ப பாக்க வந்தனுங்க. இப்பத்தான் வாங்க வந்திருக்கறேன்."

"மூலனூருக்குக் கடைசி பஸ்ஸுங்க. சட்டுனு சொல்லுங்க, போகோணும்."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். இந்தச் சொமையோட ஏறுனீங்கன்னா கண்டக்டரு லக்கேஜு போட்டுருவானுங்க. எங்கிட்டக் குடுத்துட்டு வெறுங்கைய வீசிட்டுப் போலாமில்ல?"

அந்த ஆள் சிரித்துவிட்டார். "என்ற பொண்டாட்டி உங்ககிட்ட வந்து ஒரு மாசம் படிக்கோணும்" என்று முருங்கைக்காய்க் கட்டை எடுத்து நீட்டினார். அத்தைக்கு இதெல்லாம் வெட்கம். எங்களைத் தெரியாதவள் போல நாலு கடை தள்ளி நின்று வளையல் பார்த்துக்கொண்டிருப்பாள். சனிக்கிழமைச் சம்பளத்தில் எனக்குத் தேன் மிட்டாய் வாங்கி, அம்மா பார்க்காதபோது கையில் திணிப்பாள்.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. விறகு நனைந்து, விலையும் ஏறிவிட்டது. ரேஷன் மண்ணெண்ணெய் விளக்குக்கே போதவில்லை.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் பாய் ஒருவர் இருந்தார். கம்பெனிகளில் வெட்டிக் கழித்த துணியை மூட்டை மூட்டையாக வாங்கி, பிரித்து விற்கும் வேஸ்ட் வியாபாரம். அதுவரை ஊரின் கழிவெல்லாம் வெள்ளை. வெள்ளைக்கு விலை இருந்தது. இயந்திரம் துடைக்க, மெத்தையில் திணிக்க என்று வெளியூர்களுக்குப் போகும். வெளிநாட்டு ஆர்டர்கள் வரத் தொடங்கிய பிறகுதான் எங்கள் ஊர்க் குப்பைக்கு நிறம் வந்தது. சிவப்பு, கருநீலம், மயில் கழுத்து நிறம். கலர் வேஸ்டை வாங்க அப்போது ஆள் கிடையாது.

"வெள்ளை வேணும்னா கலரையும் சேத்து அள்ளிட்டுப் போங்கறான் கம்பெனிக்காரன். குடோன்ல எனக்கே நிக்க எடமில்லீங்க அக்கா" என்று குழாயடியில் பாய் ஒருநாள் புலம்பினார்.

"எரியுமுங்களா பாய்?" என்றாள் அம்மா.

"துணி எரியாமங்களா? எல்லாம் பஞ்சுதானுங்களே."

"காசு?"

"எடத்தைக் காலி பண்ணிக் குடுக்கறீங்க. நாயமாப் பாத்தா நாந்தான் உங்களுக்குக் குடுக்கோணும்."

அன்று மாலையே ஒரு மூட்டை எங்கள் சமையலறைக்கு வந்தது. துணியைக் கையளவு உருண்டைகளாகச் சுருட்டி, ஈர விறகுக்கு நடுவே செருகிப் பற்றவைத்தாள். பிடித்துக்கொண்டது. விறகு தயங்கினாலும் துணி தயங்கவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு அம்மா விறகைக் குறைத்தாள். பிறகு அநேகமாக நிறுத்தினாள். பழைய டின் ஒன்றின் உட்புறம் களிமண் பூசி, துணியை அழுத்தி நிரப்பி எரிக்கும்படி ஓர் அடுப்பே செய்துவிட்டாள். அழுத்த அழுத்த மெதுவாக எரியும், நேரம் தாங்கும். சமையலறையின் ஒரே ஜன்னலில் சாக்கை மடித்து அடைத்தாள்.

"காத்து பூந்தா சூடு அந்தால போயிருது. அடுப்பு எரியறது ஊருக்கா, ஊட்டுக்கா?"

அந்த வாசனை எனக்கு இன்றும் தெரியும். பொசுங்கிய முடியும் மருந்துக்கடையும் கலந்த வாசனை. அடியில் ஏதோ ஓர் இனிப்பு. துணியோடு வந்த எலாஸ்டிக் உருகிச் சொட்டும்போது சீறும். பாத்திரங்களின் அடியில் கரிக்குப் பதிலாகத் தார் போல ஒரு பிசுக்கு. மயில் நிறத் துணி விழுந்தால் தீயின் ஓரம் பச்சையாக மாறும். அதைப் பார்க்கவே நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து பாடம் படிப்பேன். புகை கண்ணைக் கரிக்கும்போது முன்னறைக்கு ஓடிவிடுவேன். ஓடிவிட எனக்கு இடம் இருந்தது.

"இந்த மாசம் ஒரு குச்சி வெறகு வாங்கலீங்க" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

"உன்னையக் கொண்டுபோய் எங்க கம்பெனில மேனேஜரா ஒக்கார வெச்சா மொதலாளி இன்னொரு பங்களா கட்டிப்போடுவாரு" என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து பாராட்டு அப்படித்தான் வரும். அம்மாவின் முகம் அன்று முழுவதும் மலர்ந்திருந்தது.

அத்தைக்கு இருமல் அந்த மழையில்தான் தொடங்கியது. கம்பெனியிலிருந்து வந்ததும் மாலைச் சமையல் அவளுடையது. சமையல் முடிந்தால் அங்கேயே படுக்கை. அடுப்பின் கதகதப்பில் படுக்கிறாள் என்று நாங்கள் அவள்மேல் பொறாமைப்பட்டோம். முதலில் வெறும் செருமல். பிறகு பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு இருமினாள். பிறகு படியேறினால் இருமினாள்.

எங்கள் ஊரில் இருமலுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. சாயங்காலம் அவள் வரும்போது தலைமுடியிலும் புருவத்திலும் வெண்மையாகப் பஞ்சுத் துகள் படிந்திருக்கும். அம்மா வாசலிலேயே நிறுத்தி முந்தானையால் தட்டிவிடுவாள். கண்ணுக்கு முன்னால் காரணம் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது. பஞ்சு உள்ளே போய்விட்டது. அது இறங்க வேண்டும். இறங்குவதற்கு வெல்லக்கட்டியும் வாழைப்பழமும். தெருமுனை டாக்டர் கேட்டதும் ஒரே கேள்விதான்.

"எங்க வேலை?"

"பனியன் கம்பெனிங்க."

"பஞ்சு" என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்.

அப்பாவும் நாள் முழுக்கப் பஞ்சில்தான் நின்றார். துணி அடுக்கை வெட்டும்போது பறப்பது கொஞ்சநஞ்சம் அல்ல. அவருக்கு இருமல் இல்லை. ஆம்பிளை உடம்பு என்றார்கள்.

அதே சமயத்தில்தான் அத்தைக்கு ஓவர்லாக் மெஷினில் உட்காரும் முறை வந்தது. கைமடியாகச் சேர்ந்த பெண் மெஷினில் ஏறுவது அப்போது பெரிய விஷயம். சம்பளம் கூடும் என்பதோடு, பெயர் மாறும். 'ஏ புள்ளை' என்று கூப்பிட்டவர்கள் 'டெய்லரக்கா' என்பார்கள். என்னிடம்தான் முதலில் சொன்னாள். சாப்பிட உட்கார்ந்தால் அவள் வலது கால் தட்டுக்குக் கீழே தானாக மிதித்துக்கொண்டிருக்கும். "என்னடி காலாட்டற, ஊட்டுக்கு ஆகாது" என்று அம்மா அதட்டுவாள். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்த பிறகு அப்பா சொன்னார்.

"அம்மிணி, நாளைக்கிருந்து கம்பெனிக்குப் போவேண்டாம்."

அத்தை சிரித்தாள். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, தை பொறந்தா மெஷின் தர்றம்னு சொல்லியிருக்காங்கண்ணா."

"மெஷின்ல ஒக்காந்தா இன்னும் பஞ்சு."

"மூஞ்சிக்குத் துணி கட்டிக்கறனுங்க."

"இருமிக்கிட்டே இருக்கற புள்ளையை எவன் வந்து கட்டுவான், சொல்லு பாக்கலாம்."

அத்தை அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நங்கை, நீங்களாச்சும் சொல்லுங்க."

அம்மா அவள் தலையைத் தடவினாள். "அண்ணன் உன்ற நல்லதுக்குத்தான் சொல்றாரு அம்மிணி. ஊட்லயே இருந்தா நல்ல காத்து. ரெண்டு மாசத்துல செரியாப் போயிரும். நாம் பாத்துக்கறேன்."

அம்மா அதை மனதாரச் சொன்னாள். அத்தையின் மேல் அவளுக்கு இருந்த பாசத்தில் குறை எதுவும் கிடையாது. மறுநாள் கம்பெனியிலிருந்து தோழி ஒருத்தி அத்தை விட்டுவந்த சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த மெஷினில் அடுத்து யாரை உட்கார வைப்பார்கள் என்று அத்தை கேட்டாள். தோழி, தெரியாது என்றாள். அவள் தரையைப் பார்த்துச் சொன்னதிலிருந்து யார் என்று எனக்கே தெரிந்தது.

ஒரு சம்பளம் நின்றதும் வீடு இறுகியது. அம்மா அதை ஒரு வார்த்தையாகக்கூடச் சொல்லிக் காட்டவில்லை, மற்றவற்றில் பிடித்தாள். டீத்தூள் இரண்டாம் முறையும் கொதித்தது. ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி உருக்கும் வழக்கம் நின்றது. கேஸ், காபிக்கும் கிடையாது என்று ஆனது. பாய் வீட்டிலிருந்து மூட்டைகள் அடிக்கடி வந்தன. அதற்குப் பதிலாக அம்மா அவருக்கு வெள்ளையையும் கலரையும் பிரித்துக் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டு முன்வாசலில் உட்கார்ந்தாள். ஆகவே காலைப் பலகாரம், மத்தியானச் சோறு, வெந்நீர், எருமைக்காரருக்கான பருத்திக்கொட்டை வேகவைப்பது என்று அடுப்பு முழுக்க அத்தையிடம் வந்தது. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை, சாக்கு அடைத்த ஜன்னலுக்குக் கீழே, அந்த டின்னுக்கு முன்னால் இருந்தாள்.

இருமல் அதிகமானது. உள்ளே போனது வெளியே வருகிறது என்றார்கள். எவ்வளவு இருமுகிறாளோ அவ்வளவு பஞ்சு கழிகிறது. அவள் இருமும்போது அம்மா முதுகை நீவிவிட்டு, "நல்லா இருமு கண்ணு, வரட்டும்" என்பாள்.

"இத்தனை நாளு இருமுனதைத் திரிச்சு நூலாக்கியிருந்தா நங்கை, அண்ணனுக்கு ஒரு பனியனே நெய்திருக்கலாமுங்க" என்பாள் அத்தை, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிக்கப் போய் மறுபடியும் இருமுவாள்.

மாசியில் உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. தென்னந்தோப்பு, கிணறு, ஒரே பையன். பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் சமையலறைச் சுவர் கூரை வரை கறுத்திருந்தது. அப்பா சுண்ணாம்பு வாங்கிவந்து அடித்தார். அடித்த சுவர் மறுபடி கறுத்துவிடாமல் இருக்க டின் அடுப்பு கொல்லைக்குப் போனது. ஜன்னல் சாக்கை எடுத்தார்கள். வருகிறவர்கள் வந்து போகும்வரை, ஒரு வாரத்துக்கு மேலாக, மூன்று வேளையும் கேஸில் சமையல். அம்மா ஒவ்வொரு முறையும் சிலிண்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பற்றவைத்தாள்.

அத்தையின் இருமல் குறைந்தது. பிறகு நின்றே போனது. முகத்தில் ரத்தம் ஏறியது. நல்லகாரியம் என்றதும் நின்றுவிட்டது என்றார்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள். மலைக்கோயிலுக்கு நேர்ந்துகொண்டதுதான் என்றாள் அம்மா. "நாஞ் சொன்னனில்ல? கம்பெனியை உட்டதுதான் காரணம்" என்றார் அப்பா. வெல்லத்தைச் சொன்னவர்களும் உண்டு.

வந்தவர்களில் மாப்பிள்ளையின் அம்மா நேராகச் சமையலறைக்கே வந்துவிட்டார்.

"பொண்ணு கம்பெனிக்குப் போவுதுங்களா?"

"இல்லீங்க. நிறுத்தியாச்சுங்க. ஊட்லதான் இருக்குது" என்றாள் அம்மா.

"அதான் மொகம் தெளிவா இருக்குது. எங்க பக்கம் கம்பெனிக்குப் போன புள்ளைன்னா யோசிப்பாங்க. எல்லாம் நெஞ்சுச்சளி" என்றவர், அடுப்பைப் பார்த்து நின்றுவிட்டார். "கேஸுங்களா? எங்க, பத்த வெய்ங்க பாக்கலாம்."

அம்மா பற்றவைத்தாள். நீலமாக வட்டம் விரிந்தது.

"பொகையே காணமே" என்றார் அந்த அம்மா.

கேசரி அந்த நீலத் தீயில்தான் கிண்டப்பட்டது. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். அவர்களுடைய வாடகைக் கார் தெருமுனை திரும்பியதும் அம்மா சிலிண்டரின் மேல் உறையை மாட்டினாள். அப்பாவும் நானும் டின் அடுப்பை உள்ளே தூக்கிவந்தோம். கல்யாணம் வரையிலான நாட்களில் அத்தை மறுபடி இருமினாள். பிறந்த வீட்டை விட்டுப் போகிற வெசனம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

கோடை விடுமுறையில் என்னை உடுமலைக்கு அனுப்பினார்கள். அத்தையின் புகுந்த வீட்டில் சமையல், கிணற்றடிப் பக்கம் நாலு காலின் மேல் ஓலை போட்ட கொட்டகையில். சுவர் கிடையாது. மட்டையும் பாளையும்தான் எரிப்பார்கள். புகை எழுந்ததும் காற்று அதைத் தோப்புக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். நான் இருந்த நாட்களில் அத்தை ஒரு முறைகூட இருமவில்லை.

"பஞ்சு எறங்கிருச்சு கண்ணு" என்றாள். பிறகு, கம்பெனியைப் பற்றிக் கேட்டாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை என்றேன். வீட்டில் வைத்துத் தைக்க ஒரு மெஷின் வாங்கித் தரச் சொல்லி மாமியாரிடம் கேட்டதாகவும், "வேண்டாஞ் சாமி, மறுக்கா இருமல் வந்துரும்" என்று அவர் மறுத்துவிட்டதாகவும் சொன்னாள். மறுத்ததில் அத்தைக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அது சரிதான் என்று அவளும் நம்பியிருந்தாள். வாழ்நாளில் அவள் எந்த மெஷினிலும் உட்காரவில்லை.

நான் திரும்பி வந்தபோது அம்மா இருமிக்கொண்டிருந்தாள்.

அத்தை போனதும் அடுப்பு அம்மாவிடம் வந்திருந்தது. கல்யாணச் செலவு வேறு. கேஸ் மேடையின் மேல் மறுபடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிட்டது.

"நீயென்ன கம்பெனிக்கா போற, இருமறதுக்கு?" என்றார் அப்பா. கேலிதான். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அந்தக் கேலி வீட்டில் ஒரு சட்டம் போல நிலைத்துவிட்டது. பஞ்சில் நிற்பவளுக்கு வந்தால் அது சீக்கு. பஞ்சையே பார்க்காதவளுக்கு வந்தால் அது வெறும் இருமல். அதற்கு வெல்லம்கூட வேண்டியதில்லை. தன் இருமலுக்குக் காரணம் இல்லை என்பதால் அம்மா அதை ஒரு தப்புப் போல மறைத்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க இருமுவாள். டாக்டரிடம் போகலாம் என்றால், "எதுக்குத் தண்டச் செலவு" என்பாள்.

சில வருஷங்களில் கலர் வேஸ்டுக்கும் விலை வந்துவிட்டது. அதை அரைத்து மறுபடி நூலாக்கும் மில்கள் வந்தன. பாய் சங்கடத்தோடு வந்து நின்று, "இனிமே தர முடியாதுங்க அக்கா" என்றார். எங்கள் வீட்டில் துணி எரிப்பது நின்றது அதனால்தான். அதற்குள் அம்மாவுக்குக் குழாயடியிலிருந்து வீட்டுக்கு ஒரு குடம் கொண்டுவர நடுவில் இரண்டு இடங்களில் நிற்க வேண்டியிருந்தது.

அண்மையில் ஒரு விசேஷத்துக்காக அத்தையைக் காரில் அழைத்துவந்தேன். அவளுக்கு இப்போது முழுக்க நரைத்துவிட்டது. பல்லடம் தாண்டி ஒரு காலி மனையில் யாரோ துணிக் கழிவைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். புகை சாலையை மூடிக்கொண்டு கிடந்தது. கண்ணாடியை ஏற்றுவதற்குள் உள்ளே வந்துவிட்டது. பொசுங்கிய முடி, மருந்துக்கடை, அடியில் அந்த இனிப்பு.

அத்தை கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். "நம்மூட்டு வாசம் கண்ணு" என்றாள். அடுத்த நிமிஷம் இருமத் தொடங்கினாள். மண்டபம் வரும்வரை நிற்கவில்லை. தண்ணீர் குடித்து, சற்று அடங்கிய பிறகு என் கையைத் தட்டிச் சொன்னாள்: "பாரு, அந்தக் காலத்துப் பஞ்சு இன்னும் மிச்சம் இருக்குது."

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வயதில் அவளிடமிருந்து அந்தப் பஞ்சையும் பிடுங்கி, அதனிடத்தில் அம்மாவின் அடுப்பை வைப்பதால் யாருக்கு என்ன? என் வயதில் இருக்கும் நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கக்கூடிய ஒரு நாள் இருந்தது. அம்மாவின் கடைசி மழைக்காலத்துக்கு முந்தைய கோடை. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்பாவும் நானும் அவளைக் கூட்டிப்போயிருந்தோம். டாக்டர் இளவயதுக்காரர். மற்றவர்களைப் போல் இல்லாமல், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாக விசாரித்தார்.

"பீடி, சுருட்டு ஏதாச்சும் பழக்கம் உண்டாம்மா?"

"அட கெரகமே!" என்றாள் அம்மா. டாக்டர் சிரித்தார்.

"ஊட்டுக்காரர்?"

"இல்லீங்க" என்றார் அப்பா.

"மில்லு, கம்பெனி, எங்கியாச்சும் வேலைக்குப் போயிருக்கீங்களா?"

"வாசப்படி மிதிச்சதில்லீங்க."

டாக்டரின் பேனா நின்றது. அம்மாவின் நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இறக்கி வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஊட்ல சமையல் எதுலீங்கம்மா? அடுப்பு?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஆனாலும் முழுதாகச் சொல்லி முடித்தாள்.

"கேஸுங்க. எங்க லைன்லயே... மொதமொத கேஸ் வாங்குனது... நாங்கதானுங்க."

அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். நானும்தான்.

"நல்லதுங்கம்மா" என்று டாக்டர் அடுத்த கேள்விக்குப் போனார்.